தடைக்காலத்துக்கு மீன்: ஜாடியா, கருவாடா, ஊறுகாயா, ஃப்ரீசரா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; நாகப்பட்டினம், காரைக்கால், பழையாறு விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். வள்ளமும் ஃபைபர் படகும் கொண்டுவருவதுதான் மீன். விலை கேட்கவே வேண்டாம். அதனால் மார்ச்சிலேயே மீனைச் சேர்த்துவைக்கும் பேச்சு டெல்டா வீடுகளில் கிளம்பிவிடும். அதில் புதிதாக நுழைந்திருப்பது கண்ணாடி ஜாடி. அலாஸ்காவிலும் அமெரிக்காவின் வடமேற்குக் கரையிலும் சால்மனை வீட்டிலேயே ஜாடியில் அடைத்து அலமாரியில் அடுக்குவார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அந்த வீடியோவை அனுப்பினால், "நம்ம மத்தியையும் இப்படிப் போடலாமே" என்று இங்கே ஆசை வருகிறது.

செய்யலாமா? கருவி இருந்தால் செய்யலாம். சால்மன் குளிர்ந்த கடல் மீன், இங்கே கிடைக்காது. 'இந்தியன் சால்மன்' என்று விற்கும் காலா மீன் வேறு குடும்பம். ஆனால் சால்மனுக்குச் சொல்லும் அதே நேரக்கணக்குதான் கானாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மீன்களுக்கும். சூரைக்கு மட்டும் தனி வழிமுறை.

முறை இதுதான். துண்டுகளைத் தோல் பக்கம் கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி நெருக்கி அடுக்கி, மேலே ஒரு அங்குலம் காலி விட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. மீன் விடும் சாறே போதும். அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான ஜாடிக்கு விரும்பினால் ஒரு டீஸ்பூன் உப்பு. ஜாடி விளிம்பை வினிகர் தொட்ட துணியால் நன்றாகத் துடைப்பது முக்கியம். மீன் எண்ணெய் துளி ஒட்டியிருந்தாலும் மூடி பிடிக்காமல் போகலாம். பிறகு பிரஷர் கேனரில் (ஜாடிகளை அழுத்த ஆவியில் வேகவைக்கும் பெரிய பாத்திரம்) 10 நிமிடம் ஆவி வெளியேறவிட்டு, டயல் உள்ள கேனர் என்றால் 11 பவுண்டு அழுத்தத்தில் 100 நிமிடம். டெல்டா கடல் மட்டத்தை ஒட்டிய தரை என்பதால் உயரத்துக்காக அழுத்தத்தைக் கூட்டும் வேலை இல்லை. சூடேறவும் தானாக ஆறவும் ஆகும் நேரத்தையும் சேர்த்தால் அரை நாள் போய்விடும், கேஸ் செலவு தனி.

"நம்ம குக்கர்லயும் 15 பவுண்டு அழுத்தம் வருதே" என்பார்கள். வரும். ஆனால் அது சின்னப் பாத்திரம், சீக்கிரம் சூடாகி சீக்கிரம் ஆறிவிடும். அந்த 100 நிமிடக் கணக்கு, பெரிய கேனர் மெதுவாக ஏறி இறங்கும் நேரத்தையும் நம்பிப் போட்டது. வெறும் கொதிநீரில் வைப்பது அதைவிட மோசம். போட்டுலிசம் என்ற உயிரைப் பறிக்கக்கூடிய உணவு நஞ்சேற்றத்தை உண்டாக்கும் கிருமியின் வித்து 100 டிகிரியில் சாகாது. காற்றில்லாத, புளிப்பில்லாத ஜாடி அது வளர ஏற்ற இடம். அந்த நஞ்சு வாசனையிலும் ருசியிலும் தெரியாமலே இருக்கலாம். கேனர் இல்லையென்றால் இந்த ஆசையை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

முறையாக அடைத்தால் கிடைப்பது அருமையான பண்டம். மத்தியின் முள் மெத்தென்றாகி, மீனோடு சேர்த்தே மென்று தின்னலாம். புட்டுக்கும் கட்லெட்டுக்கும் அபாரம். குழம்பில் போட்டால் மட்டும் கரைந்துவிடும்.

கருவாட்டுக்குக் கருவியே வேண்டாம். நெத்திலியை அப்படியே காயவைக்கலாம். பெரிய மீன் என்றால் கீறி, மூன்று நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு. மணலில் பரப்பாமல் கம்பு நட்டு, வலை கட்டி, அதன்மேல் உலர்த்தினால் அடியிலும் காற்று போகும், கடிக்கும்போது மண் நறநறக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலை நடக்காது. ஆனால் நமக்குத் தேவை பங்குனி வெயில், அது தாராளமாகவே உண்டு. சரியாகக் காயாவிட்டால் வண்டு வரும், இளஞ்சிவப்பாகத் திட்டு படரும். அப்படி வந்ததைத் தூக்கிப் போடுங்கள். கத்தரிக்காய் போட்டு வைத்த கருவாட்டுக் குழம்புக்குப் பக்கத்தில் எந்த ஜாடியும் நிற்காது, என் நாக்கில்.

மீன் ஊறுகாய் கொஞ்சமாகச் செய்து ஊருக்குக் கொடுத்தனுப்ப நல்லது. பொரித்த மீன் எண்ணெயில் மூழ்கியிருந்தால் கெடாது என்று நம்பி வினிகரைக் குறைக்காதீர்கள். காப்பது புளிப்பு, எண்ணெய் அல்ல. போட்டதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

ஃப்ரீசர்தான் பலர் வீட்டில் நடப்பது. வஞ்சிரம், கொடுவாவுக்குச் சரி: துண்டைத் தண்ணீரில் முக்கி உறையவைத்தால் மேலே பனிப்படலம் பிடித்து உலராது. மத்திக்குச் சரிப்படாது, அதன் கொழுப்பு இரண்டு மூன்று மாதத்தில் காறல் வாடை அடித்துவிடும். அப்புறம் கரண்ட். நிறைந்த தனி ஃப்ரீசரைத் திறக்காமல் வைத்தால் ஏறக்குறைய 48 மணி நேரம் தாங்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு பல ஊர்களுக்கு நாள்கணக்கில் மின்சாரம் வரவில்லை. கோடையில் அவ்வளவு மோசமில்லைதான். இருந்தாலும் தடைக்காலத்து மீன் முழுவதையும் ஃப்ரீசரை நம்பி விடமாட்டேன். வஞ்சிரத்தை மட்டும் அதில் வைத்து, நெத்திலியையும் வாளையையும் வெயிலுக்கு அனுப்பிவிடுவேன்.