மார்த்தாண்டம் – களியக்காவிளை ஜூஸ் கடைகள்: சிறுநீரகக் கல் வந்தவர்கள் எதைக் கேட்டு வாங்கலாம்?

குழித்துறைப் பாலம் தாண்டி, படந்தாலுமூடு, களியக்காவிளை, கேரள எல்லைச் செக்போஸ்ட், அப்புறம் பாறசாலை என்று ரோட்டின் இரண்டு பக்கமும் ஜூஸ் கடைகள்தான். வெயில் காலத்தில் பாதிக் கடைகளிலாவது 'கல் கரைய வாழைத்தண்டு ஜூஸ்' என்று எழுதித் தொங்கும். ஒரு தடவை கல் வந்து வலியில் சுருண்டவர்கள் அதைப் பார்த்ததும் வண்டியை ஓரம் கட்டுவது இயல்பு. இந்த விமர்சனத்தில் சுவைக்கு மதிப்பெண் கிடையாது. அடுத்த கல் உருவாகாமல் இருக்க இந்தத் தம்ளர் உதவுமா, அது ஒன்றே கேள்வி.

பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்சலேட், அதாவது கால்சியமும், கீரை, கிழங்கு போன்றவற்றில் உள்ள ஆக்சலேட் என்ற பொருளும் சேர்ந்து இறுகியவை. அவை திரும்ப வராமல் இருக்க ஒரு நாளைக்கு 2.5 லிட்டர் சிறுநீர் வெளியேற வேண்டும். கவனியுங்கள், குடிப்பது 2.5 லிட்டர் அல்ல, கழிப்பது. அதற்கு 3 லிட்டராவது உள்ளே போக வேண்டும்; ரப்பர் வெட்டுகிறவர்கள், கடலுக்குப் போகிறவர்கள், செங்கல் சூளையில் நிற்கிறவர்கள் வியர்வைக் கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதோடு உப்பு குறைய வேண்டும், சிறுநீரில் சிட்ரேட் (எலுமிச்சையில் உள்ள, கல் சேராமல் தடுக்கும் பொருள்) கூட வேண்டும். இந்த மூன்றையும் வைத்துத்தான் கீழே உள்ள தீர்ப்பு.

வாழைத்தண்டு ஜூஸ் போடுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். மட்டையை உரித்துக்கொண்டே போய், நகத்தால் கீறினால் நீர் விடும் வெள்ளைத் தண்டு வந்ததும் நிறுத்துவார்கள். வட்டமாக நறுக்க நறுக்கக் கத்தியோடு இழுபடும் நாரை விரலில் சுற்றி எடுத்துவிடுவார்கள். நறுக்கியதை மோர்த்தண்ணீரில் போடாமல் வைத்தால் சீக்கிரமே கறுத்துப்போகும். கறுத்த தண்டு கிண்ணத்தில் கிடந்தால் காலையில் நறுக்கியது என்று அர்த்தம், அடுத்த கடைக்கு நடக்கலாம். அப்புறம் மிக்ஸி, வடிகட்டி, இஞ்சி, மிளகு. கடைசியில் ஒரு கரண்டி உப்பு. எல்லாம் கெடுவது அந்தக் கரண்டியில்தான்.

கால் டீஸ்பூன் உப்பு என்பது ஏறக்குறைய 1.5 கிராம். உலக சுகாதார நிறுவனம் நாள் முழுவதற்கும் சொல்லும் அளவே 5 கிராமுக்குள். உப்பில் உள்ள சோடியத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ளும்போது கால்சியமும் அதன் கூடவே இறங்குகிறது. கல்லுக்கு மூலப்பொருள் அதுதான். கல்லைத் தடுக்கப் போனவர் கல்லுக்குச் சரக்கு வாங்கிக்கொண்டு வருகிறார். "அண்ணே, உப்பு போடாதீங்க" என்று மிக்ஸி ஓடும் முன்பே சொல்லிவிட வேண்டும். செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் என்றால் "சேட்டா, உப்பு வேண்டா".

உப்பில்லாத வாழைத்தண்டு ஜூஸ் நல்ல பானம்தான்: தண்ணீர், பொட்டாசியம், சர்க்கரை இல்லை. ஆக்சலேட்டைக் குறைத்ததாக எலிகளில் நடந்த சோதனைகள் உண்டு. ஆனால் போர்டில் இருக்கும் 'கரைய' என்ற சொல்லுக்குப் பூஜ்ஜியம். கால்சியம் ஆக்சலேட் கல்லை எந்த ஜூஸும் கரைக்காது. கரைவது யூரிக் அமிலக் கல், அதுவும் சிறுநீரின் அமிலத்தன்மையை மருந்தால் மாற்றும்போது. பிறகு ஏன் இத்தனை பேர் சத்தியம் செய்கிறார்கள்? சிறுநீர்க் குழாயில் இறங்கிய கல் 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் மூன்றில் இரண்டு தானாகவே வெளியே வந்துவிடும். அந்த வாரம் எதைக் குடித்தாரோ அதற்குப் பெயர் போகிறது.

நாரங்கா வெள்ளம், அதாவது சாதா எலுமிச்சைத் தண்ணீர், இந்த ரோட்டில் கிடைப்பதில் கல்லுக்கு மிகப் பொருத்தமானது. எலுமிச்சையின் சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு ஆக்சலேட்டோடு சேரவிடாமல் தடுக்கும். அளவில்தான் கடை தோற்கிறது. 1996-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், சிட்ரேட் குறைந்த கல் நோயாளிகளுக்குக் கொடுத்தது நாளொன்றுக்கு 120 மில்லி சாறு, 2 லிட்டர் தண்ணீரில் கலந்து. நம்மூர்ச் சின்னப் பழத்தைப் பிழிந்தால் 15 முதல் 20 மில்லி. கடையில் ஒரு தம்ளருக்கு அரைப் பழம் போட்டால் அதில் 10 மில்லிகூடத் தேறாது. வீட்டிலேயே நாலைந்து பழத்தைப் பிழிந்து 2 லிட்டர் தண்ணீரில் கலந்து, பகல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது மேல். குடித்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள், பல் எனாமல் அரிக்கும். நெஞ்செரிச்சல்காரர்கள் அளவைப் பாதியாக்கலாம்.

அதே பழத்தை உப்பு சோடாவாகக் கேட்டால் பலன் போச்சு. சோடாவில் தப்பில்லை, அரை டீஸ்பூன் உப்பில்தான் தப்பு. குலுக்கி சர்பத் வேடிக்கையான பானம். பச்சைமிளகாயும் கஸ்கஸும் கல்லை ஒன்றும் செய்யாது, ஆனால் சர்க்கரைப் பாகு சிறுநீரில் கால்சியத்தைக் கூட்டும். பாகைக் கால் பங்காக்கிப் போடச் சொல்லலாம், முகம் சுளித்தாலும் போட்டுத் தருவார்கள். 'சர்க்கரைக்குப் பதில் மார்த்தாண்டம் தேன்' என்று ஊற்றுவதும் இந்தக் கணக்கில் சர்க்கரையே. கரும்புச்சாறு, கோலா: வேண்டாம்.

இளநீர் நல்லது. ஆனால் அதிலும் வாழைத்தண்டிலும் பொட்டாசியம் தாராளம். இரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியவர்கள் (சிறுநீரகம் தளர்ந்தவர்கள்), இதய நோய்க்குத் தண்ணீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள் இந்தக் கட்டுரையை நம்பி எதையும் குடிக்கக் கூடாது, மருத்துவரைக் கேட்டே குடிக்க வேண்டும்.

எதிலும் சேராத ஒன்று இரும்பன் புளி (பிலிம்பி என்ற புளிப்புக் காய்) ஜூஸ். கடைகளில் அபூர்வம், வீட்டுக் கொல்லையில் தாராளம். கொழுப்பு குறையும் என்று காய்களை அரைத்து வெறும் வயிற்றில் குடிக்கும் பழக்கம் எல்லைக்கு இரண்டு பக்கமும் உண்டு. அதில் ஆக்சலேட் மிக அதிகம். கேரளத்தில் ஐந்து மருத்துவமனைகளில் இந்த ஜூஸ் குடித்துச் சிறுநீரகம் திடீரென்று செயலிழந்த பத்துப் பேரைப் பற்றி 2013-இல் மருத்துவ இதழில் வந்தது; ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. மீன் குழம்பில் இரண்டு காய் போடுவது வேறு, தம்ளர் கணக்கில் குடிப்பது வேறு. நட்சத்திரப்பழ ஜூஸும் இதே குடும்பம்தான்.

மோருக்கு ஒரு தனி நியாயம் இருக்கிறது. கல்லில் கால்சியம் இருக்கிறது என்று பாலையும் தயிரையும் நிறுத்துகிறவர்கள் நிறைய, அது தலைகீழ். சாப்பாட்டோடு போகும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு அனுப்பிவிடும். 2002-இல் வெளியான இத்தாலிய ஆய்வில், கால்சியத்தைக் குறைத்துச் சாப்பிட்டவர்களில் 38 சதவீதம் பேருக்கு ஐந்து வருஷத்துக்குள் கல் திரும்ப வந்தது. கால்சியத்தை விடாமல் உப்பையும் இறைச்சியையும் குறைத்தவர்களில் 20 சதவீதம். ஆகவே சேம்பு, சேனை, கீரை உள்ள சாப்பாட்டோடு உப்பில்லாத மோர் ஒரு தம்ளர் சரியான ஜோடி. நடுவேளையில் தனியாகக் குடித்தால் தண்ணீர்ப் பலன் மட்டும். பாலில்லாத கட்டனைவிடப் பால் சாயா மேல் என்பதற்கும் இதே காரணம். சேம்பையும் கீரையையும் நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் ஆக்சலேட்டில் ஒரு பகுதி அதோடு போய்விடும். யூரிக் அமிலம் ஏறியவர்கள் நெத்திலி, சாளையைக் குறைக்க வேண்டும். கருவாட்டில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. ஜூஸ் கடையில் சில்லறைக்குப் பதிலாக நீட்டும் ஏத்தங்காய்ச் சிப்ஸையும் முந்திரியையும் இந்த உப்புக் கணக்கில்தான் வைக்க வேண்டும்.

குளிர்ஜுரத்தோடு விலாவலி, சிறுநீர் அடைப்பு, ஒரே சிறுநீரகம் உள்ளவருக்கு வலி: இவற்றுக்கு ஜூஸ் கடை வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி.

போதுமான அளவு குடிக்கிறோமா என்று தெரிய, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு லிட்டர் மக் வைத்து அளக்கலாம். காலை முதல் சிறுநீரை விட்டுவிட்டு, அடுத்ததிலிருந்து மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை சேர்த்துக் கணக்கிட வேண்டும். குறைவது பெரும்பாலும் இரவில்தான். படுக்கும்முன் ஒரு தம்ளர், நடுவில் எழுந்தால் ஒரு தம்ளர்.

இத்தனை கடைகளையும் விட ஒரு மதிப்பெண் கூடுதலாக வாங்குவது பாறசாலைப் பக்கத்துச் சோற்றுக் கடைகளில் காசில்லாமல் வைக்கும் சிவப்பு வெந்நீர். அதற்குச் சிவப்பு நிறம் தரும் பதிமுகப் பட்டை கல்லுக்கு மருந்து என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் உப்பில்லை, சர்க்கரையில்லை, தம்ளர் காலியானால் கேட்காமலே ஊற்றுவார்கள். எழுந்து வரும்போது காலி பாட்டிலை நீட்டிப் பாருங்கள்.