திருச்சபை நடத்தும் ஆலோசனை மையம்: அக்காவுக்கு உதவியதும் உதவாததும்

அத்தான் இறந்தபின் அக்கா சரியாக உண்ணாமலும் உறங்காமலும் ஒடுங்கிப்போயிருந்ததால், பாளையங்கோட்டையில் ஒரு திருச்சபை நடத்தும் ஆலோசனை மையத்துக்கு அவரை அழைத்துச் சென்றேன். விசுவாசம் குறைந்ததால்தான் இந்தச் சோர்வு என்று உறவினர் சிலர் ஏற்கெனவே புண்படுத்தியிருந்தார்கள்; அங்கும் அதையே சொல்வார்களோ என்ற அச்சம் எனக்கு இருந்தது. அது வீண் அச்சமன்று. அமெரிக்கப் போதகர் ஜே ஆடம்ஸ் 1970இல் முன்வைத்த முறை, உடல்நோயால் வராத மனச்சிக்கல்களுக்குப் பெரும்பாலும் பாவத்தையே காரணமாகக் கண்டு, வேதவசனத்தைக் கொண்டு கண்டித்துத் திருத்துவதையே ஆலோசனை எனக் கருதியது.

இந்த மையம் அவ்வழியில் செல்லவில்லை. "ஜெபம் பண்ணித் தொடங்கலாமாக்கா, இல்லை முதலில் பேசுவோமா?" என்று ஆலோசகர் கேட்டார்; பேசுவோம் என்றார் அக்கா. தூக்கம், பசி, சாகவேண்டும் என்ற எண்ணம் ஆகியவற்றை அந்த அம்மையார் தயங்காமல் விசாரித்து, மனநல மருத்துவருக்கும் கடிதம் எழுதித் தந்தார். வேதாகமத்தில் சூரைச்செடியின் கீழ் தீர்க்கதரிசி எலியா சாவை வேண்டியபோது, தேவதூதன் கடிந்துகொள்ளாமல் அடையும் தண்ணீரும் கொடுத்து உறங்கவிட்டதை அவர் நினைவூட்டிய பிறகே, மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்ற எண்ணம் அக்காவிடம் தளர்ந்தது.

அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் உருவாக்கிய, எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கும் சிகிச்சைமுறையே இங்கு அடித்தளம். நோட்டில் கோடு போட்டு, நடந்தது, அப்போது மனதில் ஓடியது, எழுந்த உணர்வு என்று எழுதி வரவேண்டும். "நான் இன்னும் ஊக்கமாக ஜெபித்திருந்தால் அவர் பிழைத்திருப்பார்" என்று அக்கா எழுதியிருந்தார். ஆலோசகர் அதை மறுத்துப் பேசவில்லை. மாம்சத்திலிருந்த முள் என்று தாம் சொன்ன வேதனை நீங்கும்படி அப்போஸ்தலன் பவுல் மூன்றுதரம் வேண்டியும் அது நீங்காததற்கு ஜெபக்குறைவுதான் காரணமா என்று மட்டும் கேட்டார். அக்கா வெகுநேரம் பேசாமலிருந்துவிட்டு, பக்கத்தில் "இல்லை" என்று எழுதினார். அவருடைய விசுவாசத்துக்குள்ளேயே நின்று அவருடைய குற்றவுணர்வைத் தளர்த்திய அந்தத் திறமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

துக்கத்துக்கு வேதாகமத்தின் புலம்பல் சங்கீதங்களைப் பயன்படுத்தினார்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும் 13ஆம் சங்கீதம் நம்பிக்கையில் முடிகிறது. 88ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிந்துவிடுகிறது. அக்கா இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார், அவசரப்பட்டு யாரும் அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை.

நான் கண்ட குறை, மன்னிப்புப் பயிற்சியில்தான். அமெரிக்க உளவியலாளர் எவரெட் வொர்திங்டன் வகுத்த ஐந்துபடி முறையில், பட்ட காயத்தை நினைவுகூர்ந்து ஏற்பதே முதற்படி. மன்னிப்பதும் மீண்டும் உறவாடுவதும் வெவ்வேறு என்பதும் அதில் தெளிவு. ஆனால் அத்தானின் வீட்டாரோடு சொத்துத் தகராறு முற்றியிருந்த நேரத்தில், வேறொரு ஆலோசகர் முதற்படியைத் தாண்டிச் சமாதானத்துக்கு வற்புறுத்தியதால் அக்கா கலங்கிவிட்டார். அதைச் சொன்னதும் பயிற்சியை நிறுத்தினார்கள் என்பது உண்மையே, ஆயினும் தொடங்கியிருக்கவே கூடாது. காத்திருக்கும் இடம் சபை அலுவலகத்தை ஒட்டி இருப்பதால், தெரிந்தவர் கண்ணில் படாமல் வர இயலாது. கட்டணம் இல்லை, விரும்பினால் காணிக்கை போடலாம்.

விசுவாசத்தை விடாமல் உதவி தேடுவோருக்கு இம்மையத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆலோசகர் உளவியல் பயின்றவரா, மருத்துவரோடு இணைந்து செயல்படுபவரா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மையம் மாலையில் மூடிவிடும். இரவில் மனம் தாங்காவிட்டால், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.