வேர்ட்பிரஸ்ஸுக்கு மாறிச் சில வருடம் ஆன பிறகு: கொழிஞ்சாம்பாறையிலிருந்து

கேரளப் பாடத்திட்டத்தில் தமிழ் மீடியம் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு கைடு கிடைப்பது குதிரைக்கொம்பு. பொள்ளாச்சிக் கடைகளில் அடுக்கி வைத்திருப்பதெல்லாம் தமிழ்நாட்டுப் பாடத்துக்கு உரியவை. பாலக்காட்டுக்குப் போனால் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் கிடைக்கும். அதனால் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கத்து ஆசிரியர்களும் பழைய மாணவர்களுமாகச் சேர்ந்து எஸ்.எஸ்.எல்.சி. வினாத்தாள்களையும் நோட்ஸையும் ஒரு தளத்தில் சேர்த்து வருகிறோம். யாருக்கும் சம்பளம் கிடையாது, நேரம் இருக்கிறவர் செய்வார்.

முன்பு எல்லாம் கையால் எழுதிய எச்.டி.எம்.எல். பக்கங்கள். பழைய போனில்கூடப் பட்டென்று திறக்கும், ஹேக் செய்வதற்கும் அதில் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு பி.டி.எஃப். ஏற்ற வேண்டுமென்றால் சர்வர் பாஸ்வேர்டு தெரிந்த ஒரே ஆளைப் பிடிக்க வேண்டும். அவர் வேலைக்கு வெளியூர் போனதும், மாதிரித் தேர்வுத் தாள்கள் மார்ச் தேர்வு முடிந்த பிறகு தளத்துக்கு வர ஆரம்பித்தன. நிரல் தெரியாதவர்களும் சேர்ந்து தளத்தை நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளுக்கு மாறியதற்குக் காரணம் அது ஒன்றுதான். அதே மாதிரி மென்பொருளான ட்ருபலையும் பார்த்தோம். 7-ஆம் பதிப்பிலிருந்து 8-க்குப் போனவர்கள் தளத்தையே திரும்பக் கட்ட வேண்டியிருந்தது என்று தெரிந்ததும் விட்டுவிட்டோம். 2003-இல் வந்த வேர்ட்பிரஸ் பழைய தளங்களை அப்படி நடுத்தெருவில் விட்டதில்லை.

ஆசிரியர்கள் மிரளுவார்கள் என்று நினைத்தேன். மிரளவில்லை. கேரளப் பள்ளிகளில் கைட் (KITE, பள்ளித் தொழில்நுட்பத்துக்கான கேரள அரசு நிறுவனம்) கொடுக்கிற லேப்டாப்கள் லினக்ஸில்தான் ஓடுகின்றன, புதிய திரை அவர்களுக்குப் பழகிய சங்கதி. டைப்பிங்தான் வேடிக்கை. இங்கே படித்தவர்கள் மலையாளத்துக்குப் பழகிய இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையிலேயே தமிழும் அடிப்பார்கள், இரண்டுக்கும் ‘க’ ஒரே இடத்தில்தான். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து உதவுகிறவர்களுக்கு, எழுத்துகள் வேறு இடத்தில் இருக்கும் தமிழ்99 விசைப்பலகை. ஒருவர் கணினியில் இன்னொருவர் உட்கார்ந்தால் பத்து நிமிடம் ரகளைதான்.

இனி குறைகளுக்கு வருகிறேன். முதல் தலைவலி பக்கங்களின் இணைய முகவரி. ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் போன் செய்து, “தம்பி, லிங்க் அனுப்பினா ஒரே சதவீதக் குறியா வருதுங்க, வைரஸான்னு கேக்கறாங்க” என்றார். வேர்ட்பிரஸ் தலைப்பையே முகவரியாக்கும். தமிழில் ஒவ்வொரு குறியும், புள்ளியும் துணைக்காலும் உட்பட, முகவரிக்குள் போகும்போது 9 இடத்தைப் பிடிக்கும். தலைப்பிலிருந்து உருவாகும் முகவரிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பதோ 200 இடம். ஆக 22 குறிகள், அவ்வளவுதான். ‘பத்தாம் வகுப்பு சமூக அறிவியல்’ என்று தலைப்பு வைத்தால் ‘பத்தாம்-வகுப்பு-சமூக-அறி’யோடு முகவரி வெட்டுப்பட்டுவிடும். இங்கே சமூக அறிவியல் இரண்டு பகுதி. இரண்டுக்கும் ஒரே முகவரி வருவதால், எதை இரண்டாவதாக ஏற்றுகிறோமோ அதன் வாலில் ‘-2’ ஒட்டிக்கொள்ளும். இரண்டாம் பகுதியை முதலில் ஏற்றிய அன்று, முதல் பகுதிக்கு ‘-2’ வந்து நின்றது. பிள்ளைகள் முகவரியைப் பார்த்துவிட்டு மாற்றி மாற்றி இறக்கினார்கள். இப்போது முகவரியைக் கையால் ஆங்கில எழுத்தில் போடுகிறோம்: வகுப்பு எண், பாடச் சுருக்கம், பகுதி எண். நல்லவேளை, வெளியிட்ட பிறகு முகவரியை மாற்றினாலும் பழையதைத் திறப்பவரை வேர்ட்பிரஸ் தானே புதியதற்கு அனுப்பிவிடுகிறது. வாட்ஸ்அப்பில் சுற்றிய லிங்குகள் பிழைத்தன.

தேடல் பெட்டி பெயருக்குத்தான். அடித்த எழுத்துக் கோவை அப்படியே இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். ‘கேரளம்’ என்று தேடினால் ‘கேரளத்தில்’ வராது, ‘வினாத்தாள்’ என்றால் ‘வினாத்தாட்கள்’ வராது. வேற்றுமை உருபு சேரும்போது சொல்லே உருமாறுகிற மொழிக்கு இந்தத் தேடல் ஆகாது. வகுப்பு, பாடம் என்று வகைகளை ஒழுங்காகப் பிரித்து மெனுவில் வைத்ததும் தேடலை யாரும் கேட்பதில்லை.

அப்புறம் பங்குகள், அதாவது தளத்தில் யார் என்ன செய்யலாம் என்ற உரிமைகள். இதற்காகத்தானே மாறினோம். புதிதாக வருகிறவருக்கு ‘கான்ட்ரிபியூட்டர்’ போதும் என்றுதான் தோன்றும். எழுதுவார், நாம் பார்த்து வெளியிடலாம். ஆனால் அந்தப் பங்கில் கோப்பு ஏற்றும் உரிமையே கிடையாது. வினாத்தாள் தளத்தில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ‘ஆதர்’ ஆக்கினால் கோப்பும் ஏற்றலாம், தானே வெளியிடவும் செய்யலாம். கொஞ்சம் நம்பிக்கை வைத்து எல்லோரையும் ஆதர் ஆக்கினோம், இதுவரை வம்பில்லை. இன்று தாள் எழுதிவிட்டு வருகிற பிள்ளையின் டீச்சர் அன்று மாலையே அதை ஏற்றிவிடுகிறார். எனக்கு இது ஒன்றே போதும், மற்ற குறைகளைப் பொறுத்துக்கொள்வேன்.

இடப்பிரச்சினை ஒன்று உண்டு. ஸ்கேன் செய்யச் சோம்பிப் போனில் படம் எடுத்து ஏற்றினால், 5.3-ஆம் பதிப்பு முதலான வேர்ட்பிரஸ் பெரிய படம் ஒன்றுக்கு, வெவ்வேறு அளவுகளில், மூலத்தையும் சேர்த்து 8 கோப்பு வரை உண்டாக்கும். தளத்தின் தோற்றத்தைத் தரும் தீம் தன் பங்குக்கு இன்னும் சேர்க்கும். தளத்தை வைத்திருக்க நாங்கள் எடுத்திருக்கும் ஹோஸ்டிங்கில் கோப்புகளின் எண்ணிக்கைக்கே வரம்பு உண்டு. எச்சரிக்கை மெயில் வந்த பிறகு, பி.டி.எஃப். மட்டும்தான் என்று கறாராக இருக்கிறோம்.

கூடுதல் வசதிக்காகச் சேர்க்கிற பிளகின் விஷயத்தில் கஞ்சத்தனம் நல்லது. பத்துப் பதினைந்து பிளகினோடு இருக்கிற தளங்களைப் பார்த்திருக்கிறேன், அப்டேட் நாளில் எது எதை உடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. எங்களிடம் இருப்பவை பக்கங்களைச் சேமித்து வைத்து வேகமாக்க ஒன்று, லாகின் முயற்சிகளைக் கட்டுப்படுத்த ஒன்று. பத்தி, படம், கோப்பு என்று துண்டு துண்டாகச் சேர்த்து எழுதுகிற, 2018-இல் வந்த பிளாக் எடிட்டரைப் பலர் திட்டுகிறார்கள். டீச்சர்களுக்கு அது பிடித்துவிட்டது, ஃபைல் பிளாக்கில் கோப்பை இழுத்துப் போட்டால் வேலை முடிந்தது.

எழுதுகிற ஆள் ஒருவர்தான், அவருக்கு எச்.டி.எம்.எல். தெரியும் என்றால் மாறாதீர்கள், வீண் பராமரிப்பு. மூன்று பேருக்கு மேல் கை வைக்கிறார்கள் என்றால் தாராளமாக மாறலாம்.

மாறுகிறவர்களுக்கு ஒன்று: வேர்ட்பிரஸ்ஸின் டூல்ஸ் மெனுவில் இருக்கிற எக்ஸ்போர்ட் பேக்கப் ஆகாது. அது தரும் எக்ஸ்.எம்.எல். கோப்பில் எழுத்து இருக்கும், பி.டி.எஃப்.-களின் முகவரி இருக்கும், பி.டி.எஃப். இருக்காது. ஏற்றிய கோப்புகள் இருக்கும் அப்லோட்ஸ் கோப்புறையைத் தனியாக எடுக்க வேண்டும், டேட்டாபேஸையும் தனியாக. நாங்கள் மாதம் ஒருமுறை இரண்டையும் ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைக்கிறோம், பிப்ரவரி, மார்ச்சில் மட்டும் வாரா வாரம்.