கோடிங் சொல்லித்தரப் போகிறீர்களா: ஸ்க்ராட்சா, பைத்தானா?

கல்லூரியில் படித்துக்கொண்டே இளம்பெண்களுக்குக் கோடிங் சொல்லித்தர முன்வருகிறவர்கள் முதலில் குழம்புவது ஸ்க்ராட்ச், பைத்தான் என்ற இரண்டு நிரல்மொழிகளில் (கணினிக்குக் கட்டளை எழுதும் மொழிகள்) எதில் தொடங்குவது என்பதில்தான்.

செலவு: இரண்டுமே இலவசம்.

தயாரிப்பு: ஸ்க்ராட்ச் பிரவுசரிலேயே ஓடும். பைத்தானை முன்கூட்டியே கணினிகளில் நிறுவிவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் வகுப்பு அதிலேயே போய்விடும்.

முதல் நாள்: ஸ்க்ராட்சில் கட்டளை எழுதிய கட்டங்களை இழுத்துப் பொருத்தினால் திரையில் பூனை நடக்கும், எழுத்துப்பிழைக்கு இடமே இல்லை. பைத்தானில் ஒரு முக்காற்புள்ளி (:) விட்டுப்போனாலே பிழைச்செய்தி வந்து நிற்கும். ‘உனக்கு இதெல்லாம் வராது’ என்று கேட்டே வளர்ந்த பெண் அங்கேயே கையை எடுத்துவிடுவாள். அப்போது கீபோர்டை வாங்கி நீங்களே திருத்தாதீர்கள். செய்தியிலேயே வரி எண் இருக்கும், அதை அவளையே வாசிக்கச் சொல்லுங்கள், கொஞ்சம் நேரம் ஆனாலும் பரவாயில்லை.

நீடிப்பு: ஸ்க்ராட்ச், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் முக்கியமாக 8 முதல் 16 வயதுக்காரர்களுக்காக உருவானது. கல்லூரிப் பெண்ணிடம் நீட்டினால் சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தோன்றலாம். 1991-இல் வெளிவந்த பைத்தான் இன்றும் வேலைக்கும் ஆய்வுக்கும் உதவுகிறது.

சரி, எதை எடுப்பது? பள்ளி மாணவிகள், சில வாரங்கள்தான் கிடைக்கும் என்றால் ஸ்க்ராட்ச். கொஞ்சம் பெரியவர்கள், பருவம் முழுக்க உங்களால் வரமுடியும் என்றால் தயங்காமல் பைத்தான். உங்கள் தேர்வு வாரத்தில் யார் வகுப்பெடுப்பது என்பதை மட்டும் முதலிலேயே பேசிவைத்துவிடுங்கள்.