எஃப்5-இல் ஒரு கட்டளை: ரீட்லைன் எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது?

ஒரே கட்டளையை டெர்மினலில் நாள் முழுக்க அடித்துக்கொண்டிருப்பவர்கள் அதை ஒரு பங்க்‌ஷன் கீயில் வைத்துக்கொள்ள லினக்ஸில் புதிதாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. கட்டளை ஷெல்லான பாஷ், பிழைதிருத்தியான ஜிடிபி, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கான பிஎஸ்க்யூஎல், கணக்கீட்டு நிரலான ஆக்டேவ் எல்லாவற்றிலும் நாம் அடிக்கும் வரியை வாங்கிக்கொள்வது ரீட்லைன் என்ற ஒரே நூலகம்தான். வீட்டு அடைவில் .இன்புட்ஆர்சி என்று ஒரு கோப்பு வைத்தால் போதும், இத்தனையும் அதைப் படிக்கும். காசு கிடையாது. ஆனால் முதல் அரைமணி நேரம் கொஞ்சம் சோதிக்கும்.

காரணம், எஃப்5 என்று ஒரு விசை இருப்பதே ரீட்லைனுக்குத் தெரியாது. டெர்மினல் அதற்கு அனுப்புவது ஓர் எழுத்துச் சரம்: எஸ்கேப், பிறகு [15~. எஃப்6-க்கு 17, எஃப்7-க்கு 18, அப்படியே எஃப்10-க்கு 21 வரை. எஃப்11-க்கு 23, எஃப்12-க்கு 24. நடுவில் 16-ம் 22-ம் காணோமே என்றால், அது 1983-இல் வந்த விடி220 டெர்மினலின் விசைப்பலகை விட்டுப்போன சொத்து. எஃப்1 முதல் எஃப்4 வரை வேறு சாதி: எஸ்கேப், ஓ, பிறகு பி, க்யூ, ஆர், எஸ். வரைகலை இல்லாத வெறும் லினக்ஸ் கன்சோலில் எஃப்1 முதல் எஃப்5 வரை இன்னொரு மாதிரி. ஆகவே பட்டியலை நம்பாமல் கண்ட்ரோல்-வி அடித்துவிட்டு அந்த விசையைத் தட்டிப் பாருங்கள். திரையில் ^[[15~ என்று விழும். அதில் ^[ என்பதுதான் எஸ்கேப்.

உதாரணத்துக்கு, கோப்பு மாற்றங்களைக் கண்காணிக்கும் கிட் நிரலின் ‘கிட் ஸ்டேட்டஸ்’ கட்டளையை எஃப்5-இல் வைப்போம். கோப்பில் எழுத வேண்டிய வரி இது (எழுத்துகளை ஆங்கிலத்தில் போட வேண்டும், ஈ சின்னது, சி பெரியது):

"\ஈ[15~": "கிட் ஸ்டேட்டஸ்\சி-எம்"

கடைசியில் உள்ள கண்ட்ரோல்-எம்தான் எண்டர். வலப்பக்கம் மேற்கோள்குறி இல்லாவிட்டால் அதை ரீட்லைன் தன் உள்கட்டளை ஒன்றின் பெயர் என்று எடுத்துக்கொள்ளும், விசை செத்த மாதிரி கிடக்கும். சேமித்தபின் கண்ட்ரோல்-எக்ஸ், கண்ட்ரோல்-ஆர் அடித்தால் கோப்பை மறுபடி படித்துக்கொள்ளும். டெர்மினலை மூடித் திறக்கத் தேவையில்லை.

இந்த வரியை இப்படியே விட்டால் ஒரு வம்பு உண்டு. ரீட்லைன் கட்டளையை ‘இயக்குவதில்லை’, கர்சர் நிற்கும் இடத்தில் தட்டச்சு செய்கிறது. ஒரு நீளமான கட்டளையைப் பாதி அடித்துவிட்டு எஃப்5-ஐத் தட்டினால் இரண்டும் ஒட்டிக்கொண்டு எண்டரும் விழுந்துவிடும். அதற்கு மருந்து:

"\ஈ[15~": "\சி-ஈ \சி-யுகிட் ஸ்டேட்டஸ்\சி-எம்\சி-ஒய்"

வரிக்கடைசிக்குப் போய், எல்லாவற்றையும் வெட்டி வைத்து, கட்டளையை ஓட்டி, வெட்டியதைத் திரும்ப ஒட்டுகிறது. சி-ஈக்குப் பிறகு ஓர் இடைவெளி இருக்கிறதே, அதைக் கைதவறி விட்டுவிடாதீர்கள். வரி காலியாக இருக்கும்போது வெட்ட ஒன்றும் இருக்காது. அப்போது சி-ஒய் போன தடவை வெட்டிய ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து கொட்டும். அந்த இடைவெளி இருந்தால் வெட்ட அதுவாவது கிடைக்கும். வரிக்கடைசியில் ஒரு வெற்றிடம் மிஞ்சும், பாதகமில்லை. ரீட்லைனை விஐ முறையில், அதாவது விஐ எடிட்டரின் விசைகளோடு, பயன்படுத்துபவர்களுக்கு இந்தச் சூத்திரம் அப்படியே ஒத்துவராது.

பாஷில் மட்டும் இன்னொரு வழி உண்டு: விசைகளை ஒதுக்கும் அதன் உள்கட்டளையான பைண்ட், -எக்ஸ் சேர்த்து. இது வரியைத் தொடாமல் கட்டளையை நேராக ஓட்டும், ஹிஸ்டரியிலும் ஏறாது. ஆனால் அடைவு மாற்றும் கட்டளையை இதில் வைத்தால், அடைவு மாறியிருந்தாலும் ப்ராம்ப்டில் பழைய பெயரே நிற்கும், எண்டர் தட்டினால்தான் புதுப்பிக்கும். மேக்குடன் வரும் பாஷ் 3.2-இல் நீளமான விசைச் சரங்களுக்கு இது படுத்துவிடுகிறது. கீமேப் கிடைக்கவில்லை என்று பிழை சொல்லும்.

ரீட்லைனின் உண்மையான பலம் $இஃப் பகுதிகள், அதாவது குறிப்பிட்ட ஒரு நிரலுக்கு மட்டும் பொருந்தும் வரிகள். $இஃப் ஜிடிபி, $எண்ட்இஃப் இரண்டுக்கும் நடுவே எஃப்7-இல் ஸ்டெப், எஃப்8-இல் நெக்ஸ்ட் என்று வைத்தால் டர்போ சி-யில் பழகிய விரல்கள் யோசிக்காமல் போகும். அதே எஃப்7 பாஷில் வேறு வேலை பார்க்கும். பிஎஸ்க்யூஎல்லுக்கு எழுதும்போது அதன் பின்சாய்கோட்டுக் கட்டளைகளில் பின்சாய்கோட்டை இரட்டிக்க வேண்டும். ஒற்றையாக விட்டால் ரீட்லைனே அதைத் தின்றுவிடும். அழிக்கிற, மாற்றுகிற கட்டளை எதற்கும் சி-எம் சேர்க்காதீர்கள். எண்டரைக் கையால் தட்டுவது நல்லது.

தொல்லைகளில் பாதி வெளியிலிருந்து வருபவை. க்னோம் டெர்மினல் எஃப்1-ஐ உதவிக்கும், எஃப்10-ஐ மெனுவுக்கும், எஃப்11-ஐ முழுத்திரைக்கும் எடுத்துக்கொள்கிறது. மடிக்கணினியில் ஒலி, வெளிச்சம் என்று இன்னொரு அடுக்கு. நிம்மதியாகக் கிடைப்பது எஃப்5 முதல் எஃப்9 வரைதான். இன்னும் வேண்டுமானால் ஷிஃப்ட் சேருங்கள், [15~ என்பது [15;2~ ஆகும்.

ஒன்றும் ஒதுக்காத விசையைத் தட்டினால் வரியில் ~ விழுந்து எரிச்சலூட்டும். "\ஈ[" என்பதற்கு ஸ்கிப்-சிஎஸ்ஐ-சீக்வென்ஸ் என்று மேற்கோள்குறி இல்லாமல் எழுதிவிட்டால் நிற்கும். சொந்தக் கோப்பு வைத்தபின் ஹோம், எண்ட், டெலீட் விசைகள் குளறுபடி செய்தால் பயப்பட வேண்டாம்: உங்கள் கோப்பு இருப்பதால் /இடிசி அடைவில் உள்ள பொதுக் கோப்பை ரீட்லைன் படிப்பதில்லை, அவ்வளவுதான். முதல் வரியில் $இன்க்ளூட் போட்டு அதை இழுத்துக்கொள்ளுங்கள்.

எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. பாஷைப் போன்ற இன்னொரு ஷெல்லான இசட்ஷெல் ரீட்லைனைப் பயன்படுத்துவதில்லை. அங்கே பைண்ட்கீ -எஸ். பைதான் 3.13-இன் புதிய ஊடாடு திரை எஃப்1, எஃப்2, எஃப்3-ஐ உதவி, ஹிஸ்டரி, பேஸ்ட் என்று தானே வைத்துக்கொண்டது. விண்டோஸ் பவர்ஷெல்லில் வரும் பிஎஸ்ரீட்லைனில் எஃப்5 என்றே எழுதலாம், சரம் தேடும் வேலை கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் அது முந்திக்கொள்கிறது. ஆனால் அங்கே எழுதியது ஜிடிபிக்கோ பிஎஸ்க்யூஎல்லுக்கோ போகாது. நாலு நிரலுக்கும் ஒரே கோப்பு வேண்டும் என்பவர்கள் ரீட்லைனோடு அந்த அரைமணி நேரம் மல்லுக்கட்டலாம். எழுதியதெல்லாம் சரியாக ஏறியதா என்று பார்க்க பாஷில் பைண்ட் -எஸ், சின்ன எஸ். பைண்ட் -எக்ஸால் வைத்தவை அதில் வராது. அவற்றைப் பார்க்கப் பெரிய எக்ஸ்.