வெள்ளம் தாங்கும் குட்டையும் அதைக் காக்கும் குழுவும்: 3 மழைக்காலங்களுக்குப் பின் ஒரு மதிப்பீடு

எங்கள் குடியிருப்பின் தாழ்வான ஓரத்தில் மழைநீரைத் தேக்கி மெல்ல வடியவிடும் குட்டை ஒன்றை வெட்டி, அதை இன்றுவரை பராமரித்தும் வரும் தன்னார்வக் குழுவின் பணியை 3 மழைக்காலங்கள் கவனித்த பின்பே இதை எழுதுகிறேன். புதிதாக வெட்டிய குட்டை எதுவும் முதல் ஆண்டில் குறை காட்டாது. வண்டல் படியத் தொடங்கிய பிறகே வெட்டியவர்களின் தரம் தெரியும்.

1 சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது 1 லிட்டர் நீர். அந்தக் கணக்கில் 1 ஹெக்டேரில் பெய்யும் 50 மில்லிமீட்டர் மழை 5 லட்சம் லிட்டர் ஆகிறது. கூரைகளும் சிமெண்ட் தளங்களும் நிறைந்த இடத்தில் அதன் பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்காமல் பள்ளத்தை நோக்கி ஓடிவிடும். மண்வெட்டியைத் தொடுவதற்கு முன்பே குழுவினர் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியதால், குட்டைக்கு ஏன் அவ்வளவு இடம் வேண்டும் என்ற வாதம் எழவே இல்லை.

வாதம் எழுந்தது வெளியேற்றுக் குழாயைப் பற்றித்தான். குழாய் மிகச் சிறியது, நீர் வடிய நேரமாகிறது என்று முதல் மழையிலேயே குறைப்பட்டுக்கொண்டவர்களில் நானும் ஒருவன். நீரைத் தாமதப்படுத்துவதே குட்டையின் வேலை என்பதை அவர்கள் பொறுமையாக விளக்கினார்கள்: குழாயின் விட்டத்தை 2 மடங்காக்கினால் நீர் செல்லும் பரப்பு 4 மடங்காகி, நம் வெள்ளம் அப்படியே கீழ்த்தெருக்காரர்களின் வீட்டுக்குள் போய்விடும், குழாயை மாற்றாமல் விட்டாலோ, அதன் மேல் நிற்கும் நீரின் உயரம் 4 மடங்கானாலும் வெளியேறும் நீர் ஏறத்தாழ 2 மடங்குதான் கூடும். அந்தக் குழாய்க்கு அடங்காத பெருமழைக்கென்று கரையின் ஓரிடத்தைத் தாழ்த்தி, கல் பாவி, கலிங்கும் அமைத்திருக்கிறார்கள். கலிங்கு இல்லாத மண்கரையின் மேல் நீர் வழிந்தால் கரை அரிக்கப்பட்டு ஒரேயடியாக உடையக்கூடும். அப்படி உடைவதற்குக் குட்டையே வெட்டாமல் இருந்திருக்கலாம்.

பராமரிப்பில் என்னை மிகவும் கவர்ந்தது, நீர் நுழையும் வாயில் அவர்கள் வெட்டியிருக்கும் சிறிய முன்குழி. வரும் நீர் அங்கே வேகம் தணிந்து மணலையும் கனமான வண்டலையும் விட்டுச் செல்வதால், குட்டை முழுவதையும் கலக்காமல் அந்தக் குழியை மட்டும் அவ்வப்போது தூர் வாரினால் போதுமானதாக இருக்கிறது. அதில் நட்டிருக்கும் அளவுகோலில் வண்டல் பாதி உயரத்தைத் தொட்டதும் நாள் குறிக்கிறார்கள். கனரக எந்திரத்தைக் குட்டைக்குள் இறக்குவதில்லை என்பதும் சரியான முடிவே. அதன் எடையில் அடிமண் இறுகிவிட்டால் நீர் உறிஞ்சப்படுவது குறைந்துவிடும். (குட்டை வெட்டிய நாளில் படம் எடுத்துக்கொள்ள வந்த கூட்டத்தில் கால் பங்குகூடத் தூர் வாரும் நாளில் வருவதில்லை என்பது வேறு விஷயம்.)

குறைகளும் உண்டு. கரை அழகாக இருக்க வேண்டுமென்று முதல் ஆண்டில் அதன் மேல் மரக்கன்றுகளை நட்டார்கள். மரம் பட்டு வேர் மக்கினால், அது விட்டுச்சென்ற துளை வழியே நீர் கசிந்து கரையைப் பலவீனமாக்கும். மண்கரைக்கு ஏற்றது அடர்ந்த புல்தான். தவறு புரிந்து கன்றுகளைப் பிடுங்கி வேறிடத்தில் நட 2 ஆண்டுகள் ஆயின.

இரண்டாவது குறை இன்னும் தீரவில்லை. கொசு முட்டை வெப்பமான காலத்தில் ஒரு வாரம் முதல் 10 நாட்களுக்குள் கொசுவாகிவிடும் என்பதால், மழை விட்ட 3 நாட்களுக்குள் குட்டை வடிந்துவிட வேண்டும் என்பது அவர்களே வகுத்த விதி. சென்ற மழைக்காலத்தில் குழாய் வாயிலுள்ள கம்பித் தடுப்பை இலையும் நெகிழிப் பைகளும் அடைத்துக்கொண்டதால் 5 நாட்கள் நீர் அப்படியே நின்றது. தடுப்பைக் கழற்றும் முறை குழுவில் ஒருவருக்கு மட்டுமே தெரியும். அந்த வாரம் அவர் வெளியூர் சென்றிருந்தார். குழுவின் பணிக்கு 5-க்கு 4 மதிப்பெண் தருகிறேன். அந்த வேலையை இன்னும் 2 பேருக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்று தெரிந்ததும் மீதி ஒன்றையும் சேர்த்துவிடுவேன்.