பத்து வருடம் ‘ஜிர்ஸ்’ பயன்படுத்திய பிறகு

“எவ்வளவு தண்டனை கிடைக்கும் சார்?” கட்சிக்காரர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கேட்கிற கேள்வி இது. நான் சிட்னியில், பரமட்டா பக்கம் குற்ற வழக்குகள் நடத்துகிறேன். இந்தக் கேள்விக்கு வாய்க்கு வந்த பதிலைச் சொல்லிவிடாமல் என்னைக் காப்பாற்றுவது ஜே.ஐ.ஆர்.எஸ். என்கிற தண்டனைத் தரவுத்தளம். இங்கே வக்கீல்கள் அதை ஜிர்ஸ் என்றுதான் சொல்வோம். சந்தா கட்டிப் பத்து வருடத்துக்கு மேல் பயன்படுத்திவிட்டேன்.

சிட்னி இருக்கிற நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1986-இல் வந்த நீதித்துறை அலுவலர்கள் சட்டம் ஜுடீஷியல் கமிஷனை உருவாக்கியது. ஒரே மாதிரிக் குற்றத்துக்கு ஒரு கோர்ட்டில் அபராதமும் பக்கத்து கோர்ட்டில் சிறையும் விழுகிற நிலை குறைய வேண்டும் என்பது கமிஷனுக்குத் தரப்பட்ட வேலைகளில் ஒன்று. அதற்காக, இதுவரை என்ன தண்டனை விதித்திருக்கிறார்கள் என்பதை நீதிபதி தன் மேசையிலேயே பார்க்கும்படி 1990 வாக்கில் ஒரு கணினி ஏற்பாடு வந்தது. அதன் வளர்ந்த வடிவம்தான் ஜிர்ஸ். நீதிபதியின் விருப்புரிமையில் இது கை வைக்காது என்று அந்தச் சட்டமே சொல்லிவிட்டது. நீதிபதிகளுக்காகக் கட்டியது இது. நாங்கள் சந்தா கட்டி உள்ளே வந்தவர்கள்.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி, எண்களை நீதிபதிகள் உட்கார்ந்து பதிவதில்லை என்பது. மாநிலக் குற்றப் புள்ளிவிவர ஆய்வகம் கோர்ட் பதிவுகளிலிருந்து எப்படியும் திரட்டுகிற தரவு இங்கே வந்து சேருகிறது. ஸ்காட்லாந்திலும் 1990-களில் ஸ்ட்ராத்க்ளைட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்குள்ள உயர் நீதிமன்றத்துக்கு இப்படி ஒன்றைக் கட்டிக்கொடுத்தார்கள். நுணுக்கமான வேலை. ஆனால் கோர்ட் நிர்வாகத்தின் கைக்குப் போன பிறகு அது மெல்லப் புழக்கத்திலிருந்தே போய்விட்டது. மாட்டை வாங்கிக் கட்டினால் போதுமா, தினமும் தீவனம் வைக்க வேண்டாமா?

சரி, பயன்பாட்டுக்கு வருவோம். சட்டப்பிரிவைத் தேர்ந்தெடுத்தால், அந்தக் குற்றத்துக்கு என்னென்ன வகைத் தண்டனைகள் எத்தனை சதவீதம் பேருக்குப் போயின என்று பட்டைகளாக வரும். குற்றத்தை ஒப்புக்கொண்டவரா, முன்குற்றம் உண்டா, வயது என்ன என்று வடிகட்டலாம். சிறைத் தண்டனை என்றால் மொத்தக் காலம் தனியாக, பரோல் கிடைக்காத காலம் தனியாக. இந்தப் பிரிப்பு இங்கே முக்கியம். வழக்கமாக மொத்தத்தில் நான்கில் மூன்று பங்கு உள்ளே இருந்தாக வேண்டும். விசேஷ சூழ்நிலை இருந்தால்தான் அது குறையும். கட்சிக்காரரின் குடும்பத்தார் கேட்பது “எப்போது வெளியே வருவார்” என்று, அதற்குப் பதில் இரண்டாவது எண்ணில் இருக்கிறது.

முதல் வருடம் நான் பண்ணின கூத்தைச் சொல்ல வேண்டும். ஒரு திருட்டு வழக்கில் கிராஃபை அச்செடுத்து மாஜிஸ்திரேட்டிடம் நீட்டி, “பெரும்பாலோருக்குச் சிறை இல்லை” என்று வாதிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “இதில் உங்கள் கட்சிக்காரர் எந்தப் பட்டையில் இருக்கிறார்? ஏன் அந்தப் பட்டையில்?” என்னிடம் பதில் இல்லை. அந்த ஆளின் சூதாட்டப் பழக்கத்துக்கு அவர் எடுத்துக்கொண்டிருந்த சிகிச்சை பற்றிய கடிதம் என் கேஸ் கட்டுக்குள்ளேயே இருந்தது. கிராஃப் மேலிருந்த நம்பிக்கையில் அதை ஒழுங்காக எடுத்து வைக்கவே இல்லை.

அவர் கேட்டது புதிதும் அல்ல. ஹெராயின் கடத்தலுக்கு எடையை வைத்துத் தண்டனை அட்டவணை போட்ட மாநில மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் அணுகுமுறையை, 2001-இல் வோங் வழக்கில் ஆஸ்திரேலிய உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. எண்களுக்குப் பின்னால் இருக்கிற கொள்கை தெரியாவிட்டால் எண்களால் பிரயோஜனமில்லை என்றது. 2010-இல் ஹிலி வழக்கில் இன்னும் தெளிவாகச் சொன்னது: பழைய தண்டனைகள் இதுவரை நடந்தது என்ன என்று காட்டும், அந்த எல்லைகள் சரியானவை என்று காட்டாது. எல்லா நீதிபதிகளும் பத்து வருடம் தவறாகவே விதித்திருந்தால், கிராஃபும் அதே தவறைத்தான் அழகாகப் போட்டுக் காட்டும்.

அதனால் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கட்டு முழுவதையும் படித்துவிட்டு என் கணிப்பை முதலில் பென்சிலால் எழுதிவிடுவேன். அப்புறம்தான் ஜிர்ஸ். முதலிலேயே கிராஃபைப் பார்த்துவிட்டால் மனம் அங்கேயே ஒட்டிக்கொள்ளும், வழக்கில் வித்தியாசமாக இருப்பது கண்ணில் படாது. என் கணிப்பும் கிராஃபும் வெகுதூரம் விலகினால், அன்று ராத்திரி பழைய தீர்ப்புகளைத் தேட வேண்டும் என்று அர்த்தம். அந்தத் தீர்ப்புகளும் மேல்முறையீட்டுச் சுருக்கங்களும் அதே தளத்திலேயே கிடைக்கின்றன. உண்மையில் சந்தாப் பணத்துக்கு மதிப்பு அங்கேதான்.

அடுத்து, தேதியைப் பார்க்கத் தெரிய வேண்டும். 2018 செப்டம்பர் 24-இல் தண்டனை வகைகளே மாறின. நிறுத்திவைக்கப்படும் சிறைத்தண்டனை ஒழிந்தது, நன்னடத்தைப் பத்திரம் போய் சமூகத் திருத்த உத்தரவு வந்தது. பழைய கிராஃபில் நெடிதாக நின்ற ஒரு பட்டைக்கு இன்று சட்டத்தில் இடமே இல்லை. அப்புறம், அபூர்வமான குற்றங்கள். ஏழெட்டு வழக்குதான் இருக்கிறது என்றால் நான் சதவீதத்தைப் பார்ப்பதே இல்லை.

மதுரையில் வக்கீலாக இருக்கும் நண்பன் இதைக் கேட்டுப் பெருமூச்சு விட்டான். “இங்கே தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பைத் திறந்தால் எத்தனை கேஸ் தேங்கிக் கிடக்குன்னு நல்லாத் தெரியும்டா. என்ன தண்டனை விழுந்துச்சுன்னு யார் சொல்றது? நம்ம சீனியரைத்தான் கேக்கணும்” என்றான். இந்தியாவில் தண்டனை வழிகாட்டு நெறிகள் இல்லை என்று அங்கே உச்ச நீதிமன்றமே 2008-இல் சொல்லியிருக்கிறது. அவனுடைய சீனியரின் ஞாபகம் ஜிர்ஸைவிட மோசம் என்றும் நான் சொல்ல மாட்டேன், ஆனால் எதிர்த்தரப்பால் அதைத் திறந்து பார்க்க முடியாதே.

போன மாதம் நம்மூர்க்காரர் ஒருவர், கல்யாண வீட்டில் குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டிக்கொண்டவர், மனைவியோடு வந்தார். முதல் தடவை, ரத்தத்தில் மது நடுத்தர அளவு. சட்டத்தில் அதிகபட்சம் ஒன்பது மாதச் சிறை என்று எங்கோ படித்துவிட்டு அந்த அம்மா அழுதுகொண்டே இருந்தார். தைரியம் சொல்லலாம் என்று திரையைத் திருப்பிக் காட்டினேன். சிறைக்கான பட்டை கோடு மாதிரி மெலிந்து கிடந்தது. அவர் விரலை நேராக அந்தக் கோட்டின் மேல் வைத்து, “அப்போ இதுல இருக்கிறவங்க யாரு தம்பி?” என்றார்.

அதிலிருந்து திரையை யார் பக்கமும் திருப்புவதில்லை.